கண்ணுக்குத் தெரியாத அரிப்பு

தாய்மையைத் தெய்வமெனப் போற்றும் சமூகம் நம்முடையது. ஆயினும், தாயாகப் போகின்றவளின் வாய்ச்சொல்லுக்கு அது எவ்வளவு செவிசாய்க்கின்றது? யாழ்ப்பாணக் கிராமமொன்றில் வாழும் ஒருத்தியின் இரு பேறுகளும் இவ்வினாவையே எழுப்புகின்றன.

தலைப்பிள்ளையை வயிற்றில் தாங்கிய எட்டாம் மாதத்தில், வயிறு விரிந்து தோலில் விழுந்த கோடுகளின்மேல் சிவந்த தடிப்புகள் எழுந்தன. கொப்பூழைச் சூழ்ந்த இடம் மட்டும் தெளிவாயிருக்க, அரிப்புத் தொடைவரை பரவிற்று. "உடம்புச் சூடு" என்றார் மாமியார். வேப்பிலை அவித்த நீரை வார்த்தார். அயலவர் வந்து பார்த்து இரங்கினர். வைத்தியரோ பூச்சு மருந்தொன்றைக் கொடுத்து, தாய்க்கும் சேய்க்கும் தீங்கில்லை என்றார். பெரும்பாலும் முதற் கர்ப்பத்திலே தோன்றும் இத்தடிப்பு, 1979 இல் மருத்துவ ஏட்டிலே தனிப்பெயர் பெற்றதாகும். பிள்ளை பிறந்து சில வாரங்களில் அது சுவடின்றி மறைந்தது.

இரண்டாம் முறை உடலில் ஒரு தடிப்பும் இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் இரவெல்லாம் அரித்தன. குளிர்ந்த சீமெந்துத் தரையிற் பாதங்களைத் தேய்த்தவாறு அவள் விடியும்வரை விழித்திருந்தாள். "ஒண்டையும் காணேல்லைப் பிள்ளை, வீணாய் யோசியாதை" என்றார் மாமியார். நாளடைவில் அவளும் தன்னையே ஐயுற்றாள்.

வீட்டுக்கு வந்த குடும்பநல மருத்துவமாது, "எங்கையம்மா கடிக்குது? பகலிலையோ இரவிலையோ கூட?" என்று கேட்டார். விடையைக் கேட்டதும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினார். இரத்தப் பரிசோதனை ஈரற் கோளாறைக் காட்டிற்று. ஈரலிலிருந்து வடியவேண்டிய பித்தநீர் தடைப்பட்டு, பித்த அமிலங்கள் குருதியிற் சேர்ந்திருந்தன. அவற்றின் அளவு லீற்றருக்கு 100 மைக்குரோமோலை எட்டுமாயின், சிசு கருவிலேயே இறக்கும் அபாயம் பன்மடங்காகும் என்பதை 2019 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவளது அளவு அவ்வெல்லையை எட்டவில்லை. எனினும் வைத்தியர்கள் வாரந்தோறும் இரத்தத்தைச் சோதித்து, குறித்த நாளுக்கு முன்னரே பிரசவத்தைத் தூண்டினர். பெண்குழந்தை வீரிட்டு அழுதபோதுதான் மாமியார் கண்கலங்கினார்.

தடிப்பைக் கண்டு பதறிய வீடு, தடிப்பைக் காணாதபோது ஆறுதலடைந்தது. ஆபத்தோ பின்னையதிலேயே மறைந்திருந்தது. கருவுற்றவள் அரிக்கின்றது என்றால், அவளது தோலைப் பார்ப்பதற்கு முன்னர் அவளது சொல்லைக் கேட்டல் வேண்டும்.