சேதாரம் இல்லாத மாற்றம்

குடத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் நம் குடந்தை. குடம் வேறு, குடத்து நீர் வேறு என்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வீடியோக் கோப்பு என்று வந்துவிட்டால், படித்த நாமே இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக் கொள்கிறோம்.

என் தந்தையார் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறையில் கூலிக்கு உழைத்தவர். 2013-ஆம் ஆண்டில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த அத்தை திருமணத்தின் வீடியோவில்தான் அவர் நடமாடுகிறார். பந்தியில் நின்று, “இன்னுங் கொஞ்சம் சாம்பார் ஊத்திக்கங்க மாப்ளே” என்று உபசரிக்கிறார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. படம் எடுத்த கடையும் மூடப்பட்டுவிட்டது. எஞ்சியது இரண்டு மணி நேரம் ஓடும் ஓர் எம்.பி.4 கோப்பு மட்டுமே.

“போனுல இருக்கறது விரல் பட்டாப் போயிடும்டா. மாமா கொண்டாந்த பெட்டியில போடுற மாதிரி ஒரு தட்டாச் செஞ்சு குடு” என்றார் அம்மா. மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது ப்ளூ-ரே கருவி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அம்மாவின் நம்பிக்கை!

கடைவீதியில் விசாரித்தேன். “டிவிடியாகப் போட்டுத் தருகிறோம்” என்றார்கள். டிவிடிப் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள். எங்கள் கோப்பிலோ 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்தில் ஒரு பங்கு! நான்கு பங்கைப் பறிகொடுக்க மனம் வரவில்லை. நானே முயல்வதென்று தேடிப் படித்தேன்.

படத்தை ஏன் சுருக்குகிறார்கள்? ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். விநாடிக்கு 25 படங்கள். சுருக்காமல் வைத்தால் 25 ஜிகாபைட் தட்டு மூன்று நிமிடங்கூடத் தாங்காது. எனவே கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைக் கழித்துவிடுகிறார்கள். 1974-இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் வெளியிட்ட கொசைன் உருமாற்றமே இக்கலைக்கு அடிப்படை. நாம் தேர்வுக்கு உருப்போடும் அதே கொசைன்தான்!

கழித்தது கழித்ததுதான், மீண்டும் வராது. பித்தளையை மறுபடி உருக்கினால் துத்தநாகம் புகையாய்ப் போய் எடை குறையும். பட்டறையில் அதைச் சேதாரம் என்பார்கள். சுருக்கிய படத்தை விரித்து மறுபடி சுருக்குவதும் அப்படித்தான்.

உருக்காமல் மாற்ற வழியுண்டா? உண்டு. எம்.பி.4 என்பது வெறும் குடம். உள்ளிருப்பது எச்.264 முறையில் சுருக்கிய படம். அம்முறையை ப்ளூ-ரே தட்டும் ஏற்கும். எங்கள் கோப்பின் அளவும் வேகமும் தட்டின் விதிகளுக்குள் அடங்கியிருந்தன. டி.எஸ்.மக்ஸர் என்னும் இலவச மென்பொருள், படத்தில் ஒரு புள்ளியையும் தொடாமல் அதை ப்ளூ-ரேக்குரிய குடத்தில் ஊற்றிவிடும்.

ஒலியில்தான் சிக்கல் வந்தது. கோப்பில் இருந்தது ஏ.ஏ.சி. ஒலி. அதை ப்ளூ-ரே விதி ஏற்பதில்லை. வழக்கமாக டால்பி டிஜிட்டலாக மாற்றுவார்கள். அதுவோ மறு சுருக்கம். அதாவது இரண்டாம் முறை உருக்குவது. அதுவும் எதை? அப்பாவின் குரலை! மாற்றாவிட்டால் தட்டு ஊமையாகும், மாற்றினால் சேதாரம். இரண்டு நாள் யோசித்தேன். விடை விதிப் பட்டியலிலேயே இருந்தது. எல்.பி.சி.எம். என்னும் சுருக்காத ஒலிக்கும் ப்ளூ-ரேயில் இடமுண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிகாபைட், படம் 7 ஜிகாபைட். 25 ஜிகாபைட் தட்டில் இடத்துக்கா பஞ்சம்? எஃப்.எஃப்.எம்பெக் கொண்டு ஒலியை விரித்து, மறுபடி சுருக்காமல் அப்படியே சேர்த்தேன். நண்பர் ஒருவரின் கருவியில் தட்டு பதிவாயிற்று.

மாமாவின் பெட்டியில் பந்திக் காட்சி வந்தபோது அம்மா படத்தைப் பார்க்கவில்லை; கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “அவரேதான்” என்றார்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் இத்தகைய கோப்பு ஒன்று இருக்கலாம். மாற்றுமுன் குடத்தை மட்டும் மாற்றினால் போதுமா என்று பாருங்கள். தட்டு தயாரானாலும் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். தட்டிலும் கீறல் விழும். இழந்ததை மீட்கும் வித்தை அறிவியலிடம் இல்லை. இருப்பதை மேலும் இழக்காமல் காக்கும் வித்தை உண்டு. அதை நாம் கற்றுக்கொள்ளலாம்.