மலை வீடு விலைக்கு

மங்களூர் என்றவுடன் நேயர்களுக்குக் கன்னட நாட்டுக் கடற்கரைப் பட்டணமே ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அந்த மங்களூர் அன்று. கடலூர் ஜில்லா திட்டக்குடித் தாலுகாவில், ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு அடக்கமாக இருக்கும் ஊர் எங்களுடையது. மானாவாரிப் பூமி, மக்காச்சோளமும் பருத்தியும் விளையும். சித்திரை பிறந்துவிட்டால் மனிதர்களும் நாய்களும் ஒரே வேப்பமரத்தடியில் சமாதானமாகப் படுத்திருப்பார்கள். மேற்கே நூறு மைலுக்குள் ஏற்காடு என்று ஒரு குளிர்ந்த மலை இருக்கிறது என்னும் நினைவே அப்போது பாதித் தாகத்தைத் தணிக்கும்.

அந்த மலையில் எங்கள் ஊர் நண்பர் ஒருவருக்குத் தகப்பனார் வழியில் வந்த சிறு வீடு ஒன்று இருந்தது. மகளின் படிப்புக்காக வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துவிடவே, அதை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆயிற்று. துணைக்கு நானும் புறப்பட்டேன்.

விருத்தாசலத்தில் ரயில் ஏறினால் சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போய்ச் சேரலாம். 2007-ஆம் ஆண்டில் இந்தப் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டது. சேலத்திலிருந்து மலைச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் காற்றின் குணம் மாறுகிறது. சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில் காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் நம்மை வரவேற்கின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கருவியை 1863-இல் கண்டெடுத்த புரூஸ் பூட், ஓய்வு பெற்றபின் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்ததும் இம்மலையில்தான். மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின்படி இன்று புதிதாகக் கட்டடம் எழுப்ப அனுமதி பெறுவது எளிதல்ல. ஆகையால் பழைய வீடுகளுக்குக் கிராக்கி உண்டு.

ஆனாலும் நண்பரின் வீட்டைப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்களாம். தரகர் காரணம் சொன்னார்: "ஐயா, வருகிறவர் வீட்டையா வாங்குகிறார்? அங்கே தாம் கழிக்கப்போகும் விடுமுறையை அல்லவா வாங்குகிறார்! அதைக் கண்ணுக்குக் காட்டவேண்டாமா?"

அமெரிக்காவில் இது 1970-களிலேயே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. நாங்கள் நான்கு நாளில் அதைக் கற்றுக்கொண்டோம். உடைந்த கட்டில்களும், பழைய காலண்டர்களும், எதற்கென்று தெரியாத தகரப் பெட்டிகளும் முதலில் வெளியேறின. ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்து, படர்ந்து மறைத்த கிளைகளைக் கழித்ததும், அதுவரை ஒளிந்திருந்த பள்ளத்தாக்கு முழுவதும் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது! அங்கே இரண்டு பிரம்பு நாற்காலிகள். நடுவே ஒரு சிறு மேஜை. படுக்கைகளுக்கு வெள்ளை விரிப்பு.

மூலைகளை அலங்கரிக்க நண்பர் விருத்தாசலத்திலிருந்து பீங்கான் ஜாடிகளும் பூந்தொட்டிகளும் கொண்டுவந்திருந்தார். வெறும் அழகுக்காக மட்டும் அல்ல. மலை மூடுபனியில் மரம் ஊதும், இரும்பு துருப்பிடிக்கும். நெருப்பில் வெந்து மேலே கண்ணாடிபோல் பளபளப்பு ஏறிய பீங்கானோ ஈரத்தை உள்ளே விடாது. எங்கள் பக்கத்துச் சூளையில் வெந்த மண் அந்தக் குளிரில் பெருமிதமாக உட்கார்ந்திருந்தது.

எல்லாம் முடிந்தபின் வடக்குச் சுவர் ஒன்று பாக்கி நின்றது. மழைக்காலத்தில் கசிந்து கசிந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கறுத்திருந்தது. "ஒரு பூச்சுப் பூசி, முன்னால் பீரோவை நிறுத்திவிடலாம்" என்றார் தரகர். நண்பர் ஒன்றும் பேசவில்லை. கடன்காரனின் முகம் அவர் கண்முன் நின்றிருக்க வேண்டும்.

நான் சொன்னேன்: 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. பீரோவை வைத்து மறைப்பது அலங்காரம் ஆகாது. நண்பர் சிறிது நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பீரோ இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் கொத்தனாரை அழைத்துச் செலவு மதிப்பு எழுதி வாங்கினோம். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு அந்தக் காகிதமும் மேஜைமேல் இருந்தது. கோடையில் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர்தான் என்பதையும் நண்பர் தாமே சொன்னார். முதலில் வந்தவர் அதைக் கேட்டதும் போய்விட்டார். தரகர் எங்களைப் பார்த்த பார்வையில் அனல் இருந்தது. இரண்டாவதாக வந்த வயோதிகத் தம்பதிகள் கொத்தனாரின் காகிதத்தை இருமுறை படித்து, அந்தத் தொகையை மட்டும் விலையில் கழித்துக்கொண்டு முன்பணம் கொடுத்தார்கள். கடன் முழுவதும் தீரவில்லை; பெரும்பகுதி தீர்ந்தது. பீங்கான் ஜாடிகளையும் விட்டுப்போகும்படி அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாள்.

மலையில் வீடு தேடும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்து பள்ளத்தாக்கை ரசியுங்கள், தவறில்லை. ஐப்பசி மழையில் ஒரு தடவையும், பங்குனி வறட்சியில் ஒரு தடவையும் போய்ப் பாருங்கள். பத்திரங்களை வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கெல்லாம் முன்பு, எழுந்துபோய்ப் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்.