ராஜகுமாரி அமைத்த கடைவீதி

டில்லிக்குப் போய்விட்டுச் சாந்தினி சவுக்கில் கால் வைக்காமல் திரும்புகிற பெண்மணி உண்டா? செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி, பத்தேபுரி மசூதி வரையில் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் நேராக ஓடுகிறது அந்த வீதி. ஓடுவது வீதிதான், நாம் ஊர்ந்துதான் போக வேண்டும்! சைக்கிள் ரிக்ஷாவின் மணியும், மூட்டை சுமப்பவரின் அதட்டலும், ஜிலேபிக் கடையின் நெய் வாசனையும் நம்மை அங்குலம் அங்குலமாகத்தான் நகர விடும்.

பெரிய வீதியைவிட அதன் சந்துகளில்தான் விசேஷம் அதிகம். தரீபாவில் வெள்ளி நகைகள். கிநாரி பஜாரில் சரிகைக் கரைகளும் கல்யாண அலங்காரச் சாமான்களும். பராட்டாச் சந்தில் உருளைக்கிழங்கு, பட்டாணி, முள்ளங்கி என்று எதையாவது உள்ளே வைத்து நெய்யில் பொரித்துத் தருகிறார்கள். இரண்டு சாப்பிட்டால் இராப் போஜனத்தை மறந்துவிடலாம்!

இந்த வீதிக்குத் திட்டம் வகுத்தது யார் தெரியுமா? ஒரு பெண்! ஷாஜஹான் சக்கரவர்த்தியின் மகள் ஜஹனாரா. 1631-ல் தாயார் மும்தாஜ் காலமானபோது அவளுக்கு வயது 17. அரண்மனைப் பொறுப்பு அந்தச் சின்ன வயதிலேயே அவள் தலையில் விழுந்தது. சூரத் துறைமுகத்தின் வருமானம் அவளுக்குக் கிடைத்தது. சொந்தக் கப்பல் விட்டு வியாபாரமும் செய்தாள்.

தகப்பனார் டில்லியில் புதுத் தலைநகரை நிர்மாணித்தபோது, 1650-ஐ ஒட்டி, இந்தக் கடைவீதியை அவள் அமைத்தாள். வீதியின் நடுவே கால்வாய். எட்டுப் பட்டையாக ஒரு சதுக்கம். அதன் மத்தியில் குளம். குளத்து நீரில் நிலா மின்னியதால்தான் 'நிலவுச் சதுக்கம்' என்று பொருள்படும் இந்தப் பெயர். பக்கத்திலே வெளியூர் வியாபாரிகள் தங்கப் பெரிய சத்திரம். வீதியின் மேற்குக் கோடியில் மசூதி எழுப்பியவளும் ஒரு பெண்தான்: ஷாஜஹானின் மனைவியரில் ஒருத்தியான பத்தேபுரி பேகம்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் சத்திரத்தை இடித்துவிட்டு நகர மண்டபம் கட்டினார்கள். குளமும் கால்வாயும் மறைந்தன. 2021-ல் வீதியைச் செப்பனிட்டு, பகல் வேளையில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்தார்கள். நடந்து போகிறவர்களுக்கு இப்போது கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது.

ஊரே கொண்டாடும் வீதியில் அதை அமைத்தவளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1681-ல் மறைந்த ஜஹனாரா, நிஜாமுதீன் தர்காவில் துயில்கிறாள். தாயாருக்குத் தாஜ்மகால், மகளின் சமாதிக்கோ கூரைகூட இல்லை. மேலே பசும்புல் மட்டுமே. அதுவே அவள் விருப்பம். அங்கே நிலா தடையில்லாமல் விழுகிறது.

அடுத்த முறை கிநாரி பஜாரில் சரிகைக்குப் பேரம் பேசும்போது, ஒரு நிமிஷம் அவளையும் நினைத்துக் கொள்ளுங்களேன்!