குடத்திலிட்ட விளக்கு

ஒரு பொருளை வாங்கும்போது நாம் பெரும்பாலும் அப்பொருளையே பார்க்கின்றோம். அது வந்து அமரவேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை. இப்பிழையால் நான் இழந்தது இரண்டாயிரம் ரூபாய் மட்டுமன்று. என் பேத்தி என்மீது வைத்திருந்த நம்பிக்கையையும் சில நாள் இழந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர்க்குப் பாடஞ்சொன்ன நான், ஓய்வு பெற்றபின் கற்ற பாடம் இது.

எங்கள் வீடு கும்பகோணத்தில் உள்ள பழைய வீடு. அகலம் இருபதடி, நீளமோ நூறடிக்கு மேல். திண்ணை, இடைகழி, முன்னறை, கூடம், முற்றம், அடுக்களை, பின்னறை என ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு கொல்லையில் முடியும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒன்றரையடிக் கனத்தில் எழுப்பப்பட்டவை. ஆடிக்காற்றுக்கும் அடைமழைக்கும் அசையாத அச்சுவர்களைப் பற்றி எனக்குப் பெருமிதம் உண்டு.

2021ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பதினோராம் வகுப்பில் பயின்ற என் பேத்தி, கைப்பேசியின் வழியே பாடங்கேட்க வேண்டியதாயிற்று. அதன்பொருட்டு இணைய இணைப்பு ஒன்று பெற்றோம். நிறுவனத்தார் முன்னறை வரை ஒளியிழையைக் கொண்டுவந்து, திசைவி ஒன்றைப் பொருத்திச் சென்றனர். கடைவீதியில் ரூட்டர் என வழங்கும் அக்கருவி, கம்பி வழியே வரும் இணையத்தை அலைகளாக்கி அறைதோறும் அனுப்புவது. அவ்வலைத் தொடர்பையே வைஃபை என்பர். விலையுயர்ந்த பொருளின்மேல் தூசு படலாகாது என்று கருதிய நான், அதனை இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்து, கம்பி நுழைவதற்கு விரற்கடை இடம் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

பேத்தி பின்னறையிலிருந்து படித்தாள். “பாடம் நடுவில் நின்று போகிறது, தாத்தா. நான் விடை சொன்னாலும் ஆசிரியருக்குக் கேட்பதில்லை” என்றாள். “படிக்க மனமில்லாதவர்க்குச் சாக்குகள் பல” என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. மறுநாள் முதல் திண்ணையில், முன்னறைச் சன்னலை ஒட்டி அமர்ந்து பாடங்கேட்டாள். தெருவின் இரைச்சலுக்காக ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றொரு கையால் காற்றில் பறக்கும் தாள்களை அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே முன்னறையில் அவள் அமர்ந்திருக்கலாம். ஆனால், அஃது என் நூல்களுக்கும் பகலுறக்கத்துக்கும் உரிய அறை. அங்கே பிறர் பேசுவதை நான் விரும்பேன் என்பதை அவள் அறிவாள்.

அக்காட்சி என் நெஞ்சை உறுத்தியது. கடைக்குச் சென்றேன். மாட்டுக்கே கொம்பு இரண்டு. அங்கிருந்த கருவி ஒன்றுக்கோ நான்கு. பெட்டியின்மேல் 1200 என்ற எண் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. கொம்பு மிகுந்தால் வலிமையும் மிகும் என்று எண்ணி அதனை வாங்கிவந்தேன். பழைய கருவியோடு இணைத்து, அதே பீரோவில் வைத்தேன். கொம்புகள் தடுத்தமையால் கதவு பாதி திறந்திருந்தது. அவ்வளவே வேறுபாடு! பின்னறையில் பாடம் முன்போலவே அறுந்து அறுந்து வந்தது.

அந்நாளில், இத்தொழிலில் பணியாற்றும் என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். பீரோவைப் பார்த்தார், புன்னகையை அடக்கிக்கொண்டார். “ஐயா, கருவியை மாற்றினீர்கள், இடத்தை மாற்றவில்லையே! இரும்புத் தகடு அலையைத் திருப்பி அடித்துவிடும். குடத்திலிட்ட விளக்கு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் தாங்கள் அல்லவா?” என்றார். நான் நாணித் தலை குனிந்தேன். அன்று அவர் ஆசிரியர், நான் மாணாக்கன்.

அவர் விளக்கியவற்றுள் சிலவற்றை இங்கே கூறுவேன். திசைவி பெரும்பாலும் இருவகை அலைகளைப் பயன்படுத்தும். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முன்னது நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆயினும், அண்டை வீட்டுக் கருவிகளும் அவ்வழியிலேயே நெருங்குவதால் வேகம் குன்றும். அடுக்களையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பும் அதற்கு இடையூறு செய்யும். பின்னது விரைவு மிக்கது. கனத்த சுவர்முன் விரைவில் சோர்ந்துவிடும். ஆதலின், சிறு வீட்டுக்கும் நீண்ட வீட்டுக்கும் ஒரே விடை இல்லை.

பெட்டியில் கண்ட 1200 என்ற எண்ணின் பொருளையும் அறிந்தேன். ஓரலையின் 300 மெகாபிட், மற்றோரலையின் 867 மெகாபிட் ஆகிய உச்ச வேகங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கி அச்சிட்டதே அது. ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஓரலையில்தான் இயங்கும். உச்ச வேகமும் ஏட்டளவே. நாம் கட்டணம் செலுத்திப் பெறுவது நூறு மெகாபிட் ஆயின், எந்தத் திசைவியாலும் இணையத்திலிருந்து அதற்குமேல் கொணர இயலாது. 2021இல் நிறைவேறிய வைஃபை 6 என்னும் முறை நன்றே; ஆனால், கைப்பேசியும் அம்முறையை அறிந்ததாயிருந்தால்தான் முழுப்பயன் உண்டு.

“கொம்புகள் எதற்கு?” என்று வினவினேன். பல கொம்புகள் செய்தியைப் பல ஓடைகளாகப் பிரித்து அனுப்ப உதவும் என்றும், வெளிவிடும் ஆற்றலுக்குச் சட்டம் மேல்வரம்பு விதித்திருக்கிறது என்றும் கூறினார். பின்பு அவர் சொன்னது என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. “ஐயா, இஃது உரையாடல். திசைவி உரக்கப் பேசினால் போதாது; கைப்பேசி தன் சிறு குரலில் கூறும் மறுமொழியும் அதன் செவிக்கு எட்டவேண்டும்.” பேத்தி விடை சொல்லியும் ஆசிரியருக்குக் கேளாத காரணம் அப்போது விளங்கிற்று. அவள் கூறியது சாக்கன்று, உண்மை. அவள் குரல் எட்டாத இடத்தில் இருந்தது திசைவி மட்டுமன்று, நானுந்தான்.

மாணாக்கர் தம் கைப்பேசியைக் கையிலேந்தி, அறை அறையாக நடந்து அலையின் வலிமையை அளந்தார். அளவு கழித்தற்குறியோடு வரும். குறிக்குப்பின் வரும் எண் சிறிதாயின் வலிமை மிகுதி. பின்னறையில் அது 84ஐக் கழித்தற்குறியோடு காட்டியது. பின்பு முன்னறையிலிருந்து கதவுச் சட்டத்தை ஒட்டிக் கம்பியை இழுத்து, வீட்டின் நடுவிலுள்ள கூடத்தில், ஏழடி உயரப் பலகையின்மேல் புதிய திசைவியை வைத்தார். கொம்புகளை நேராக நிறுத்தினார். நேராக நின்றால்தான் அலை பக்கங்களில் நன்கு பரவுமாம். முற்றம் திறந்த வெளியாதலால், இடையில் இருந்த சுவர்களும் குறைந்தன. மீண்டும் அளந்தபோது பின்னறையில் 62 என்று காட்டியது. கம்பிக்கான செலவு சில நூறு ரூபாயே. இரு கொம்புள்ள எளிய கருவியே எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அன்று மாலை பேத்தியிடம் சென்று, “அம்மா, பிழை என்னுடையது. ஆராயாமல் உன்னைக் கடிந்தேன்” என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பரவாயில்லை, தாத்தா. நாளைக்குத் தமிழ்ப் பாடம், நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள்” என்றாள். மறுநாள் பின்னறையில் அவள் அருகே அமர்ந்தேன். ஆசிரியர் வினவினார், பேத்தி விடை கூறினாள், “நன்று” என்ற சொல் தடையின்றி எங்கள் இருவர் செவியிலும் விழுந்தது.

மாணவச் செல்வர்களே! திசைவி வாங்கச் செல்வோர் முதலில் தம் வீட்டை அளக்க வேண்டும். சுவரின் கனத்தையும் இரும்புப் பொருள்கள் இருக்கும் இடத்தையும் காண வேண்டும். அதன் பின்னரே கடையை நாட வேண்டும். அவ்வாறே, ஒருவர் குரல் நமக்கு எட்டவில்லையெனின், அவரைக் கடியுமுன் இடையே நிற்கும் சுவர் எது என்று ஆராய்ந்து அறிதல் நன்று.