தோத்திரம் சொல்லிக் காத்திருந்த குரல்

நாம் இல்லாத வேளையில் நமக்காகப் பேசும் கருவி ஒன்றை வீட்டில் அமைப்பது எளிய செயல் போலவே தோன்றும். சுவரிலிருந்து வரும் கம்பியைக் கருவியில் செருகி, அதிலிருந்து மற்றொரு கம்பியைத் தொலைபேசிக்குக் கொடுத்து, நான்கு சொற்களைப் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த நான்கு சொற்கள் எவை, எத்தனை மணி ஒலித்தபின் கருவி எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்க அமரும்போதுதான், நம்மை அழைப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

இத்தகைய கருவியின் வரலாறு நீண்டது. டென்மார்க்கு நாட்டவரான வால்டெமர் பவுல்சன் 1898-இல் எஃகுக் கம்பியில் காந்த முறையால் குரலைப் பதித்துக் காட்டியபோதே, ஆளில்லா நேரத்தில் வரும் தொலைபேசிச் செய்தியைப் பிடித்து வைப்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அது நம் ஊர் வந்துசேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

1997-ஆம் ஆண்டு நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த பங்கில் பதினொரு கிளைக் கிராமங்கள். திருவிழாக் காலங்களில் பல இரவுகள் பங்கு இல்லம் பூட்டியே கிடக்கும். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பங்கு இளைஞர் ஒருவர் ஆன்சரிங் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து அன்பளிப்பாகத் தந்தார். அதனுள் இரு சிறிய ஒலிநாடாக்கள்: ஒன்றில் நம் அறிவிப்பு, மற்றொன்றில் அழைப்பவர் குரல். கையேடு ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. நம் தொலைபேசிக் கம்பியோ சுவர்ப் பெட்டிக்குள் திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தது. புதிய செருகுவாய் பொருத்த லைன்மேன் வந்தார், தேநீர் அருந்தினார், பொருத்தினார்.

கருவி, பெட்டியிலிருந்து வந்தபடியே, 'வாக்ஸ்' என்னும் நிலையில் இருந்தது. குரல் கேட்கும்வரை பதியும். சில வினாடிகள் மௌனம் நிலவினால், எதிர்முனையில் ஆள் போய்விட்டார் எனக் கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். நாடாவைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு அது.

அவ்வாண்டு புனித அந்தோணியார் திருவிழாவுக்காகக் கிளைக் கிராமம் ஒன்றில் இரவு தங்கிவிட்டு, விடியற்காலையில் பங்குத்தந்தையும் நாமும் இல்லம் திரும்பினோம். கருவியின் சிவப்பு விளக்கு மும்மூன்று முறையாக மின்னிக்கொண்டிருந்தது. மூன்று அழைப்புகள். மூன்றிலும் ஒரே குரல். "தோத்திரம் சாமி." பின்பு மௌனம், பின்பு துண்டிப்பு. மூன்றாவதில் மட்டும், "தோத்திரம் சாமி... சாமி?" என்று கூடுதலாக ஒரு சொல். கோயில்பிள்ளையை அழைத்துப் போட்டுக் காட்டினோம். அவருக்கும் ஆள் விளங்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து மிதிவண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். பனையேறும் தொழிலாளி. அவர் தாயார் முந்தின நாள் மாலையிலிருந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். "பூத்து அடைக்கப்போற நேரம் சாமி. மூணு தடவ போட்டேன். நீங்க எடுத்து என்னமோ சொன்னீய. நான் தோத்திரம் சொன்னேன். ஆசீர்வாதம் சொல்லாம வச்சிட்டீய. கோவம்போலன்னு நெனச்சேன்."

பங்குத்தந்தை ஒன்றும் பேசாமல் புனித எண்ணெயை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். அம்மையார் நண்பகல்வரை இருந்தார். நோயில்பூசுதல் பெற்றார். நற்கருணையில் ஒரு துகளை மட்டுமே அவரால் விழுங்க முடிந்தது.

அந்த மகன் நடந்துகொண்ட முறையில் குறையேதும் இல்லை. தோத்திரம் சொன்னபின் குருவானவர் ஆசீர்வாதம் கூறும்வரை பேச்சைத் தொடராமல் நிற்பது நம் மக்களின் பண்பாடு. கருவியை வடிவமைத்தவர் மனத்தில் இருந்த அழைப்பாளரோ வேறொருவர்: பெயரையும் எண்ணையும் காரியத்தையும் தடையின்றிச் சொல்லி முடிப்பவர். இறக்கும் தறுவாயில் தாயை விட்டுவிட்டு பூத்தில் வந்து நிற்பவருக்கு அது இயலுமா? மௌனம் என்றால் ஆளில்லை என்ற கணக்கு வணிக அலுவலகத்திற்குப் பொருந்தலாம். பங்கு இல்லத்திற்கு வரும் அழைப்புகளில் மௌனமே பாதி.

அன்று மாலை கையேட்டுடன் அமர்ந்தோம். 'வாக்ஸ்' நிலையை நீக்கி, பேசினாலும் பேசாவிட்டாலும் ஒரு நிமிடம் முழுமையாகப் பதியுமாறு மாற்றினோம். கருவி எடுத்த நொடியிலேயே பூத்தின் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், அறிவிப்பு பதினைந்து வினாடிகளைத் தாண்டலாகாது. அதற்குள் அடங்குமாறு எழுதிவைத்துப் படித்தோம்: "ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. சாமியார்கள் வெளியூர் போயிருக்கிறார்கள். இது மெஷின். மணி அடித்ததும் ஊர், பேர் சொல்லுங்கள். அவசரம் என்றால் கன்னியர் மடத்துக்குப் போன் பண்ணுங்கள்." அதன்பின் மடத்தின் எண்.

ஆசீர்வாதத்தை முதலிலேயே வைத்ததில் பங்குத்தந்தைக்கு ஒரு தயக்கம். நாடாவில் பதிந்த ஆசீர்வாதம் ஆசீர்வாதமாகுமா? குருமடத்தில் கற்ற இறையியலையெல்லாம் இரவு உணவின்போது கிளறினோம். அருளடையாளத்திற்கு ஆள் நேரில் இருக்க வேண்டும், அதில் ஐயமில்லை. மன்றாட்டு வாழ்த்து என்ற அளவில் இதற்குத் தடையில்லை என்று முடிவாயிற்று. கேட்ட பாட்டிமார் அதை எவ்வாறு ஏற்றுக்கொண்டார்கள் என்பது வேறு காரியம். ஆசீர்வாதத்திற்காகவே இருவர் அழைத்ததாகப் பின்னர் கேள்விப்பட்டோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருந்தது. அழைப்பவர் பேசும்போதே அவர் குரல் கருவியின் ஒலிபெருக்கி வழியாக அறை முழுவதும் கேட்கும். எடுப்பதா வேண்டாமா என்று வீட்டுக்காரர் முடிவு செய்வதற்கான வசதி அது. நம் அலுவலக அறையிலோ ஞானஸ்நானச் சான்றிதழுக்காக எப்போதும் நாலு பேர் அமர்ந்திருப்பார்கள். கணவனைப் பற்றி அழும் ஒரு பெண்ணின் குரல் அவர்கள் காதில் விழலாமா? ஒலியைக் கட்டுப்படுத்தும் திருகை இறுதிவரை குறைத்து, அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டினோம். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றினாலும் பழைய குரல்கள் அழிவதில்லை, புதியவை அவற்றின்மேல் பதியும்வரை அப்படியே இருக்கும். எனவே நாடா பங்குத்தந்தையின் மேசையறையைவிட்டு எவர் கைக்கும் போகவில்லை.

மின்சாரம் நின்றபோதெல்லாம் கருவியும் நின்றது. பூட்டிய இல்லத்தில் தொலைபேசி மணி மட்டும் முன்போலவே ஒலித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பனைத் தொழிலாளி பின்னரும் சிலமுறை அழைத்தார். தாயாரின் முப்பதாம் நாள் பூசைக்காக ஒருமுறை, மகளின் ஓலை வாசிப்புக்காக ஒருமுறை. அது மெஷின் என்று அதற்குள் அவருக்கு நன்கு தெரியும். ஆயினும் "தோத்திரம் சாமி" என்றபின் மூன்று நான்கு வினாடிகள் விட்டுத்தான் தொடர்ந்தார். அந்த இடைவெளியில், பூத்தின் மின்விசிறி சுற்றும் ஓசை நாடாவில் தெளிவாகக் கேட்கும்.