முகம் தெரியாதவர்களின் கைகள்

எர்ஃபுர்ட்டை விட்டுக் கிளம்பிய ரயில் சமவெளியை முடித்துக்கொண்டு மலையேறத் தொடங்கியதும் ஜன்னலில் ஊசியிலைக் காடு மட்டும்தான் தெரிந்தது. சற்று நேரத்தில் அதுவும் போனது. பிராண்ட்லைட்டெ சுரங்கம் 1884இல் திறக்கப்பட்டது, நீளம் 3 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். இருட்டு முடிந்து மறுபக்கம் வெளியே வந்தால் ஓபர்ஹோஃப். அதைத் தாண்டினால் ஸெல்லா-மேலிஸ், பிறகு ஸூல். ஜெர்மனியின் தூரிங்கியா மலைத்தொடரின் தென்சரிவில் பள்ளத்தாக்குக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஊர்கள் இவை.

"அக்கா, இங்கே வருகிற நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் வைமார், கவிஞர் கதே வீடு என்றுதான் போவார்கள். நீங்கள் மட்டும்தான் துப்பாக்கி ஊருக்கு வழி கேட்டீர்கள்" என்றான் சித்தி மகன். பக்கத்தில் இல்மெனாவ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். மொழிபெயர்க்க என்று அவனை இழுத்து வந்திருந்தேன்.

துப்பாக்கி மேல் எனக்கு மோகம் ஒன்றும் இல்லை. கைவேலை எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிடுகிற குணம்தான் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தது. இலக்குச் சுடுவதற்கென்றே தனித்தனி ஆளுக்குத் தனித்தனியாகச் செய்து கொடுத்த பழைய பிஸ்டல்களைச் சிலர் இங்கே சேகரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். துப்பாக்கியை ஆளுக்கு அளவெடுத்துச் செய்வார்களா என்ற வியப்பு என்னை விடவில்லை.

ஸூல் கடைவீதிச் சதுக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் சிலை மன்னருடையதோ கவிஞருடையதோ இல்லை, ஆயுதக் கொல்லருடையது. 1903இல் வைத்தது. சுற்றுமலையில் இரும்புத் தாது, உலைக்குக் கரி தரக் காடு, சம்மட்டியை ஓட்டச் சிற்றாறு என மூன்றும் ஓரிடத்தில் அமைந்ததால் 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கே துப்பாக்கித் தொழில் வேரூன்றிவிட்டது. முப்பதாண்டுப் போரில், 1634இல், குரோவேஷியக் குதிரைப்படை ஊரைக் கொளுத்தியது. ஐரோப்பாவுக்கெல்லாம் ஆயுதம் விற்ற ஊர் அது.

ஊரின் ஆயுத அருங்காட்சியகம், பீருக்கு மால்ட் தயாரித்த பழைய மரச்சட்டக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கிகளின் செதுக்கு வேலைப்பாட்டை நாள் முழுக்கப் பார்க்கலாம். என்னை நிறுத்தி வைத்தது வேறு விஷயம். ஒரு துப்பாக்கியை ஒரே ஆள் செய்வதில்லை. குழல் துளைப்பவர் ஒரு வீட்டில், இயக்கப் பகுதியை அரம் போட்டுப் பொருத்துபவர் அடுத்த தெருவில், மரவேலைக்காரர், செதுக்குபவர், மெருகிடுபவர் ஆளுக்கொரு பட்டறையில் என்று வேலை வீடு வீடாகப் பிரிந்து கிடந்தது. பாதி முடிந்த துப்பாக்கி தெருத்தெருவாக நடந்து நடந்துதான் முழுதாகும். கடைசியில் அதன்மேல் ஏறுவது விற்பவரின் பெயர். செய்தவர்கள் மிஞ்சினால் குழலுக்கு அடியில் ஓர் எழுத்தைப் பொறித்துவிட்டுப் போவார்கள்.

நான் தேடி வந்த வகையை ஜெர்மானியர்கள் 'சுதந்திர பிஸ்டல்' என்கிறார்கள். 50 மீட்டர் தூரத்தில் இலக்கு; அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர். ஒற்றைக் கையை நீட்டி நின்றபடி 60 முறை சுட வேண்டும். தோட்டா 5.6 மில்லிமீட்டர் சிறு தோட்டா. ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் போடலாம். இதற்கு மேல் விதிகள் அநேகமாகக் கிடையாது. குழல் எவ்வளவு நீளம், எடை எவ்வளவு, விசை எவ்வளவு மென்மை என்பதெல்லாம் சுடுபவர் இஷ்டம். பிடியையும் எப்படி வேண்டுமானாலும் செதுக்கிக்கொள்ளலாம், மணிக்கட்டை மட்டும் தாங்கக் கூடாது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் கைவினைஞர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்கு இந்தப் பிஸ்டல்களே அத்தாட்சி. ஸெல்லா-மேலிஸில் எர்ன்ஸ்ட் ஃபிரெடரிக் ப்யூஹெல் பட்டறை 'டெல்', 'லூனா' என்ற பெயர்களில் விற்றவை சேகரிப்பாளர்களிடையே இன்றும் பேசப்படுகின்றன.

சேகரிப்பாளரைச் சந்தித்தது ஸெல்லா-மேலிஸ் பக்கம், ஒரு சுடுவோர் சங்கத்தின் கூடத்தில். இந்தச் சங்கங்கள் ஜெர்மானிய ஊர்களில் நூற்றாண்டுகளாக இருப்பவை. நம் ஊர்க் கோயில் திருவிழாக்குழு அளவுக்கு அதிகாரமும் சண்டையும் உண்டாம். வந்தவர் ஓய்வுபெற்ற கருவிப் பட்டறைத் தொழிலாளி, எழுபதைத் தாண்டியவர். பூட்டிய பெட்டியைத் திறந்து, கம்பளித் துணி விரித்த மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குண்டு இல்லை என்று தானும் பார்த்தார், எங்களுக்கும் காட்டினார். பயணத்தில் துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கக் கூடாது, பெட்டி பூட்டியிருக்க வேண்டும், வீட்டில் இரும்புப் பெட்டகம் இருக்க வேண்டும். சேகரிப்பாளருக்கு அரசு தரும் சிவப்பு அட்டையைக் காட்டினார். அதைப் பெறச் சும்மா ஆசை போதாது. வரலாற்று மதிப்புள்ள ஒரு பொருளைத் தேர்ந்து, அதைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். அதன் எல்லைக்குள்தான் வாங்கலாம். அவருடைய எல்லை இந்த இரண்டு ஊர்களின் இலக்குப் பிஸ்டல்கள்.

மேசையில் இருந்தவற்றை முதலில் பார்த்தபோது துப்பாக்கி என்றே தோன்றவில்லை. மெலிந்த நீண்ட எஃகுக் குழல். அதன் பின்கோடியில், குழலோடு எந்த உறவும் இல்லாததுபோல், அக்ரூட் மரத்தில் ஒரு முடிச்சு. மேடும் பள்ளமும் துவாரமுமாய், மரமே திருகிக்கொண்டு வளர்ந்ததுபோல் இருந்தது. அதுதான் பிடி.

"கையை நுழையுங்கள்" என்றார்.

என் கை நுழைந்தது, ஆனால் உட்காரவில்லை. ஆள்காட்டி விரல் விசையை எட்டவே இல்லை. கட்டைவிரலுக்கென்று இருந்த பள்ளத்தில் என் விரல் அலைந்தது. உள்ளங்கை மேடு இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். செத்துப்போன தாத்தாவின் தோல் செருப்பைச் சிறுவயதில் போட்டுப் பார்த்தபோது அவர் விரல்கள் அழுத்திய குழிகளில் என் விரல்கள் தடுமாறியது நினைவுக்கு வந்தது. சுட்டவர் யார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியாது. ஆனால் பெரிய கை, குட்டையான சுண்டுவிரல், நீளமான கட்டைவிரல் என்று நேரில் பார்த்தவர்போல் அடுக்கினார். முகம், பெயர், ஊர் எதுவும் மிச்சமில்லாத ஒரு மனிதரின் கை மட்டும் மரத்தில் தங்கியிருந்தது.

அடுத்தது இடக்கைப் பிடி. அதை எடுக்கும்போதே அவர் ஹங்கேரியின் கரோலி டகாச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். டகாச் ராணுவத்தில் இருந்தவர். 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை போனது. இடக்கையால் சுடப் பழகி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவர் போட்டியிட்டது வேகச்சுடலில், அந்தப் பிஸ்டல் வேறு சாதி. இடக்கைப் பிடியைக் கண்டால் டகாச்சைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்போல.

விசையின் சங்கதி தனி. பலமான வில்சுருளை ஒரு நெம்புகோல் தடுக்கிறது, அந்த நெம்புகோலை அதைவிட மெலிந்த ஒன்று, அதை இன்னும் மெலிந்த ஒன்று. இப்படிச் சங்கிலிபோல் போய், கடைசியில் விரலுக்கு மிஞ்சுவது சில கிராம் பாரம். முதலில் ஒரு சிறு கம்பியை அழுத்தி விசையை 'ஏற்ற' வேண்டும். அதன்பின் தொட்டாலே போதும். அதனால்தான் குழல் இலக்கை நோக்காத வரை யாரும் ஏற்றுவதில்லை. இந்தப் பாகங்களை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே அரம் போட்டவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு மயக்கம் வந்தது.

சங்கத்தின் சுடுகளத்தில் மேற்பார்வையாளர் அருகில் நிற்க ஒன்றைச் சுடவும் விட்டார்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடையை நீட்டிய கையில் தாங்கினால், அசைவது துப்பாக்கி இல்லை, நாம்தான் என்று தெரிகிறது. மூச்சு, நாடி, காலையில் குடித்த காபி எல்லாம் குழல்முனையில் ஆடின. சுட வேண்டும் என்று நான் முடிவெடுப்பதற்குள் தோட்டா போய்விட்டது. "நீங்கள் யோசித்தீர்கள், அது யோசிக்கவில்லை" என்று கிழவர் சிரித்தார்.

பழையதை எப்படி வயது கணிக்கிறார்கள்? பிடியைக் கழற்றிக் குழலுக்கு அடியில் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1891இல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு துப்பாக்கியும் அரசுப் பரிசோதனைச் சாலையில் கூடுதல் மருந்தேற்றிச் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை வாங்க வேண்டும். ஸெல்லாவில் அப்படியிருந்த கட்டடம் இன்று நகர அருங்காட்சியகம். கிரீடத்தின் கீழ் எழுத்து இருந்தால் பழைய முத்திரை, கழுகு இருந்தால் 1940 அல்லது அதற்குப் பின். சிலவற்றில் மாதமும் ஆண்டும்கூட இருக்கும். கிழவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு குழலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு செய்த ஊரில் இவை ஏன் இவ்வளவு அரிது? 1945தான் காரணம். ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது. மக்கள் வைத்திருந்த துப்பாக்கிகள் எல்லாம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று உத்தரவு. பல உடைக்கப்பட்டன. நல்லவை சிப்பாய்களின் பைகளில் கடல் தாண்டின. ஜூலையில் அமெரிக்கர்கள் விலக, சோவியத் படை வந்தது. வால்தர், அன்ஷூட்ஸ் இரண்டும் ஸெல்லா-மேலிஸில் பிறந்த துப்பாக்கி நிறுவனங்கள். இரண்டும் மேற்கே உல்ம் நகருக்குப் போய்விட்டன. ஸூலின் சிம்சன் ஆலையை அதற்கு முன்பே, 1930களில், யூதக் குடும்பம் என்பதற்காக நாஜிகள் பறித்திருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியில் தனியார் பிஸ்டல் வைத்திருப்பது நடக்காத காரியம். விளையாட்டுத் துப்பாக்கிகூட அரசு சார்ந்த அமைப்பின் கையில்தான். ஆகவே தன் தெருவில் செய்த பிஸ்டலை இந்தக் கிழவர் 1990க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கியிருக்கிறார். அந்தத் தெருவைக் காட்டுகிறேன் என்று நடத்தியே கூட்டிப் போனார்.

ஆனால் அதே கிழக்கு ஜெர்மனிதான் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் சுதந்திர பிஸ்டல் போட்டியின் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. உவே பொட்டெக் தங்கம், ஹரால்ட் ஃபோல்மார் வெள்ளி. அடுத்த முறை மாஸ்கோவில் சோவியத்தின் மெலென்டியெவ் 600க்கு 581 எடுத்தார். அதை 2014இல் ஸ்பெயினின் கிரனாடாவில் கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 583 எடுத்து முறியடிக்கும்வரை 34 ஆண்டு எவராலும் தாண்ட முடியவில்லை. கிரனாடாவில் வெள்ளி வாங்கியவர் நம் ஜீது ராய். இதைச் சொன்னதும் கிழவர் நின்று என் கையைக் குலுக்கினார், நான் ஏதோ ஜீதுவின் அக்கா என்பதுபோல. ஸூலின் சுடுதளத்துக்கு இந்திய இளையோர் அணி போட்டிக்கு வந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 2016 ரியோதான் இந்தப் போட்டி இடம்பெற்ற கடைசி ஒலிம்பிக். ஆண், பெண் கலப்புப் போட்டிகளுக்கு இடம் கொடுக்க இதை எடுத்துவிட்டார்கள். கலப்புப் போட்டி நல்லதுதான், 1896இல் ஏதென்ஸிலேயே வேறு தூரத்தில் தொடங்கிய மரபை விட்டிருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

மதியம் சாப்பிட ஸூலுக்குத் திரும்பினோம். இந்த ஊரில் 'ஆயுதக் கொல்லன்' என்று பெயர் வைத்த உணவகத்தில், ரோல்ஃப் அன்ஷூட்ஸ் என்பவர் 1966 முதல் ஜப்பானியச் சாப்பாடு போட்டிருக்கிறார், கிழக்கு ஜெர்மனியில்! வந்தவர்கள் சேர்ந்து குளித்து, கிமோனோ உடுத்தி உட்கார்ந்தார்களாம். படமே எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஜப்பானியச் சோறு தேடவில்லை, கரியில் சுட்ட தூரிங்கியா சாசேஜும் உருளைக்கிழங்கு உருண்டையும்தான் சாப்பிட்டோம். உருண்டை எனக்குப் பிடிக்கவில்லை.

சேகரிப்பவரின் சங்கடம் ஒன்றைக் கிழவர் சாப்பிடும்போது சொன்னார். வாங்கிய பிஸ்டலைத் தன் கைக்கு ஏற்றபடி இழைத்தால் நன்றாகச் சுடலாம், ஆனால் பழைய கை அழிந்துவிடும், மதிப்பும் போய்விடும். இழைக்காமல் விட்டால் பத்திரமாக இருக்கும், சுட முடியாது. பிடி செய்பவர்கள் இன்றும் தூரத்து வாடிக்கையாளரிடம் காகிதத்தில் கையை வைத்துக் கோடு வரைந்து அனுப்பச் சொல்கிறார்கள். அவர் அப்படி ஒன்று செய்வித்து, பழைய பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதை மாட்டிச் சுடுகிறாராம்.

"எதை விற்கவே மாட்டீர்கள்?" என்று தம்பி கேட்டான். செதுக்கு வேலையுள்ள அழகானதைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது சங்கக் கூடத்து மேசையின் ஓரத்தில் கிடந்த அசிங்கமான ஒன்றை. பிடி முழுக்க மரத்தூள் பசை பூசி, அரம் போட்டு, மறுபடி பூசி, மறுபடி அரம் போட்டு, பல நிறத் திட்டுகளாய் இருந்தது. ஏலத்தில் இதற்கு யாரும் கை தூக்க மாட்டார்கள், பழுது பார்த்து வைக்கச் சொல்வார்கள் என்றார். அந்த முகம் தெரியாதவருக்கு வயதாக ஆகக் கை வீங்கியிருக்கலாம், மூட்டு வலித்திருக்கலாம், ஒவ்வொரு பருவத்திலும் பிடியைத் திருத்திக்கொண்டே சுட்டிருக்கிறார். "மற்றவை ஒரே ஒரு நாளின் கை. இதில் இருபது வருஷக் கை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு சாசேஜ் வேண்டுமா என்று தம்பியிடம் கேட்டார்.