நிலவு ஏன் துள்ளியது?

ஓசூர் மலைமீது மரகதாம்பிகையுடன் எழுந்தருளியிருக்கும் சந்திர சூடேசுவரரைப் பிரதோஷந்தோறும் தரிசிப்பதைத் தவறாத நியமமாகக் கொண்டிருந்தார் பெரியவர் ஒருவர். சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 72. சிறுநீரகத் தொற்று இரத்தத்தில் கலந்து அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்தபோது, மருத்துவர்கள் ஜென்டாமைசின் ஊசி மருந்து செலுத்திக் காப்பாற்றினர்.

வீடு திரும்பிய சில நாள்களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அமர்ந்திருக்கும்போது அனைத்தும் தெளிவாகத் தெரிந்தன. எழுந்து நான்கடி நடந்தால் தெருவே குலுங்கியது. மாலையில் மொட்டை மாடியில் உலவும்போது, அடிக்கொரு துள்ளலாக வானத்து நிலவு துள்ளியது. நிலவைச் சடையில் சூடியவர் குடிகொண்ட ஊரில் தமக்கு மட்டும் அது நிலைகொள்ளவில்லையே என்று மனைவியிடம் சொல்லிக் கலங்கினார். கண் மருத்துவரோ கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

குறை காதினுள் இருந்தது.

இதனை விளங்கிக்கொள்ள வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இந்த இதழை முகத்துக்கு நேரே பிடித்து, தலையை அசைக்காமல் இதழை மட்டும் வேகமாக இடமும் வலமும் ஆட்டினால் எழுத்துகள் மங்கிவிடும். இதழை அசையாமல் வைத்துத் தலையை அதே வேகத்தில் ஆட்டினாலோ எழுத்துகளைப் படிக்க முடியும். (கழுத்து வலி உள்ளவர்கள் இச்சோதனையைத் தவிர்ப்பது நலம்.) இரண்டிலும் அசைவு ஒன்றுதான், ஆனால் தலை அசையும்போது காதின் உதவி கிடைக்கிறது.

உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்கோணத்தில் அமைந்துள்ளன. அவற்றுள் நீர் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழல் உடன் திரும்புகிறது. நீர் சற்றே பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் மயிரிழை போன்ற நுண்ணுணர்விகளை வளைக்க, செய்தி மூளைத் தண்டின் வழியே கண் தசைகளை எட்டுகிறது. தலை இடப்பக்கம் எவ்வளவு திரும்பியதோ அவ்வளவு கண்கள் வலப்பக்கம் திரும்புகின்றன. ஒரு நொடியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குக்குள் இது முடிந்துவிடுகிறது. கண் தானே கண்டு தன்னைத் திருத்திக்கொள்வதென்றால் இதைப்போல் பத்து மடங்கு நேரமாகும். அதற்குள் அடுத்த அசைவே வந்துவிடும்.

பெரியவருக்குச் செலுத்திய மருந்து கிருமிகளைக் கொன்றதோடு அந்த நுண்ணுணர்விகளையும் அழித்துவிட்டது. கேட்கும் திறன் மட்டும் தப்பியது. காசநோய்க்கு அக்காலத்தில் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்கும் இதே குணம் உண்டு. அம்மருந்தால் இவ்வுணர்வை இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952இல் தம் அனுபவத்தை எழுதினார். நாடித்துடிப்பால் தலை அசையும் அசைவுகூட எழுத்துகளைக் குலுக்கியதால், கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கிக்கொண்டு படித்தாராம்!

பெங்களூரு மருத்துவர் பெரியவரின் காதுகளில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் மாறிமாறிச் செலுத்திப் பார்த்தார். நலமான காதாயின் கண்கள் துடித்திருக்கும். அவருடைய கண்கள் அசையவே இல்லை. வியன்னாவின் ராபர்ட் பாரனி கண்ட சோதனை இது. அவருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

இடையில் ஒரு வேடிக்கை. பெரியவர் ஒருநாள் மகனின் கையைப் பற்றிக்கொண்டு சந்நிதியில் மும்முறை ஆத்மப் பிரதட்சிணம் செய்தார். சுற்றி நின்றால் மற்றவர்களுக்குக் குழல் நீர் சற்று நேரம் சுழன்றுகொண்டிருப்பதால் தலை சுற்றும்; இவருக்குச் சுற்றவே இல்லை. அருகிலிருந்தோர் இறையருள் என்றனர். மருத்துவரோ, நோயின் அடையாளமே அதுதான் என்றார். இரண்டையும் கேட்டு அவர் சிரித்துக்கொண்டார்.

இழந்தது முழுமையாகத் திரும்பாது என்பதை மருத்துவர் மறைக்கவில்லை. ஆயினும் பயிற்சியால் கண்ணும் கழுத்தும் பாதமும் ஓரளவு ஈடு கொடுக்கும் என்றார். நாளும் பலமுறை சுவரில் ஓர் இலக்கின்மீது பார்வையை ஊன்றி, தலையை மெல்ல இருபுறமும் திருப்ப வேண்டும். பூஜை அறையிலுள்ள சுவாமி படத்தையே அவர் இலக்காக்கிக்கொண்டார். இருட்டில் தனியே நடக்கலாகாது, முகத்துக்குச் சோப்பிட்டுக் கண்மூடும் வேளையில் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும், கைத்தடி அவசியம். கைத்தடிக்குத்தான் அவர் நெடுநாள் இணங்கவில்லை. மனைவி ஒரு வாரம் பேசாதிருந்த பிறகே இணங்கினார்.

தேர்த் திருவிழா வந்தது. ஆண்டுதோறும் வடம் பிடித்தவர். கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வரும் கூட்டத்தில் இம்முறை இறங்க வேண்டாம் என்று வீட்டார் தடுத்தனர். முந்தைய இரவு அவர் உறங்கவில்லை. காலையில் தேர்ப்பேட்டையில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணைத் தூணில் முதுகும் தலையும் சாய்த்து நின்றார். தேர் அசைந்து வந்தது. தலை அசையாதிருக்க, நகரும் பொருளைக் கண் மட்டும் தொடர்ந்து செல்வது வேறொரு நரம்பு வழியின் பணி. அதற்குக் காதின் துணை வேண்டியதில்லை. அவருக்கு அது பழுதின்றி இருந்தது. தேர் தெருமுனை திரும்பும் வரை சுவாமியின் திருமுகம் ஒருகணமும் குலுங்கவில்லை. மனைவி அழைத்த பிறகும் சற்று நேரம் தூணை விட்டு அவர் நகரவில்லை.